சாம்பல்சத்து

சலிகோர்ஸ்க்கில் மலை கிடையாது.
மலைபோல் நிற்பதெல்லாம்
பூமிக்கடியிலிருந்து அள்ளிக் கொட்டிய
சிவந்த கழிவு உப்பு.
மழை பெய்தால் கரைகிறது,
ஆட்கள் வேலைக்கு வந்தால் வளர்கிறது.

கஸிமிர் தினமும் அறுநூறு மீட்டர் இறங்குகிறான்,
எப்போதோ வற்றிய ஒரு கடலுக்குள்.
சிவப்பும் வெள்ளையுமாய் வரிவரியாய்ப் படுத்திருக்கும் அதை
இயந்திரப் பற்களால் கடித்துக் கடித்து
மேலே அனுப்புகிறான்.
வீடு திரும்பினால் இமையில் உப்பு.
முத்தமிடும் யாத்விகா
"இன்றைக்குக் கொஞ்சம் கசக்கிறாய்" என்பாள்.
கசப்புதான் பொட்டாசியம்.
வெறும் கரிப்பென்றால் சமையலுக்கு.

தமிழில் அதற்குச் சாம்பல்சத்து என்று பெயர்.
எரிந்து முடிந்தபின்னும் எஞ்சுவது.
அவளுக்குத் தமிழ் தெரியாது;
ஆனால் அவள் மொழிக்குள் வந்த பழைய சொல்லும்
ஒரு சட்டியையும் சாம்பலையும்
சுமந்துகொண்டுதான் வந்தது.

அவள் பிழைப்பு பார்லி மணிகளோடு.
நீர் வடித்த சதுப்புநிலம்.
கறுத்து, செழித்தாற்போல் தெரியும்;
உள்ளே மகா கஞ்சம்.
ஒரே ஒரு பாத்திக்கு உரம் போடாமல் விடுங்கள்,
ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று
மூன்று வருடமாய்க் கேட்டாள்.
"என் நிலத்தில் ஒரு முழம்கூடப் பட்டினி கிடக்காது"
என்றார் பண்ணைத் தலைவர் ஹெராசிம்.
கணக்குக் கேட்கும் மேலிடம் அவருக்கும் உண்டு.

ஜூலையில் கதிர் பால் பிடித்தபோது
வயலின் நடுவே ஒரு கோடு.
நாற்பது தப்படி நீளம்,
உரவண்டியின் அகலம்.
இலை நுனியெல்லாம்
யாரோ நெருப்பில் காட்டி எடுத்ததுபோல்.
வறட்சி என்றார்கள். பூச்சி என்றார்கள்.
அவள் பேசாமல் பத்துக் கதிர் பறித்தாள்.

மணியைப் பிளந்து, மெல்லிய சீவலாக்கி,
ஒரு சொட்டு அயோடின்.
பக்கத்து வரிசை மணிகளில்
நள்ளிரவு நீலம் திரண்டது,
பெரிய உருண்டைகள், இடுக்கெல்லாம் பொடி உருண்டைகள்,
நெருக்கியடித்துக்கொண்டு.
கோட்டு மணிகளிலோ
அங்கொன்றும் இங்கொன்றும்.
மற்ற இடமெல்லாம் தேநீர்க் கறை.

சுருங்கிய ஒரு மணியைக் கடித்துப் பார்த்தாள்.
இனித்தது.

அதுதான் கேடு.
இலை தன்னால் ஆனதை அனுப்பியிருந்தது.
சர்க்கரை வந்து வாசலில் குவிந்திருந்தது.
கோத்து மாவாக்கும் நொதிக்குத்தான்
கை ஓடவில்லை, கால் ஓடவில்லை.

(இன்னொரு உப்புக்கு நம்மிடம்
மணிச்சத்து என்று பட்டம்.
அதுவோ மணிக்குள் அளவு மீறித் தேங்கினால்
மாவு கட்டுவதையே மறித்து நிற்கும்.
பெயரை நம்பி எதையும் அள்ளிப் போடக்கூடாது.)

வண்டியோட்டி ரிஹோரைத் தேடிப் போனாள்.
தொப்பியைக் கசக்கியபடி ஒப்புக்கொண்டான்:
ஏப்ரலில், அந்த இடத்தில்தான், போன் வந்தது.
பெண் குழந்தை, மூன்றரைக் கிலோ.
உரப்பெட்டி மூடியபடி கிடந்ததைக் கவனிக்கவில்லை.
நாற்பது தப்படி ஓட்டியது
டிராக்டரையா என்றுகூட
இப்போது அவனுக்கு நிச்சயமில்லை.

இரவு, உருளைக்கிழங்கு உரித்தபடி
கஸிமிர் கேட்டான்:
"நான் வெட்டியது இந்த மாவில் எங்கே இருக்கிறது?"
"மாவில் இல்லை. ஒரு பொட்டுகூட இல்லை.
கட்டுகிற கைக்குப் பக்கத்தில் நிற்கும்.
அது நின்றால்தான் கை கட்டும்."
"சும்மா நிற்பதற்கா
அறுநூறு மீட்டர்?"
அவள் சிரித்துவிட்டாள்.
அவன் சிரிக்கவில்லை; உரித்த கிழங்கை
விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

பிறகு அவள் குறிப்பேட்டைத் திறந்தாள்.
ஒப்பீட்டுப் பாத்தி: நாற்பது தப்படி.
உரம்: இல்லை.
காரணம்:
ஒரு பிறப்பு, என்று எழுதினாள்.
ஹெராசிம் கையெழுத்திட வேண்டிய பக்கம் அது.
அடித்துவிட்டு,
இயந்திரக் கோளாறு, என்று எழுதினாள்.